சீசன் நடுவில் நின்ற இணையதளம்: கொடைக்கானல் தங்குமிடம் ஒன்றின் ஹோஸ்டிங் வரம்புகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூர் செல்லும் சாலையோரக் கிராமம் ஒன்றில், ஒரு குடும்பம் தன் வீட்டின் ஒரு பகுதியை ஆறு அறைகள் கொண்ட தங்குமிடமாக நடத்திவருகிறது. அதோடு, புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டையும் காபித்தூளையும் தபாலில் அனுப்பி விற்கிறார்கள். நிர்வாகம் முழுவதும் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையாரின் கையில் இருக்கிறது. கணினி சார்ந்த வேலைகளை மதுரையில் படித்துத் திரும்பிய அவருடைய மகன் கவனித்துக்கொள்கிறார். இருவரின் ஒப்புதலோடும், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்தும் இந்நிகழ்வு இங்கே பதிவு செய்யப்படுகிறது.

இணையதளம் 2022 அக்டோபரில் வேர்ட்பிரஸ் மென்பொருளைக் கொண்டு அமைக்கப்பட்டு, பல வாடிக்கையாளர்கள் ஒரே சர்வரை (தளங்களின் கோப்புகளை வைத்திருந்து, கேட்பவருக்கு அனுப்பும் கணினியை) பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங் திட்டம் ஒன்றில் வைக்கப்பட்டது. திட்டத்தின்படி சேமிப்பிடம் 10 ஜிபி. மாதாந்திரத் தரவுப் பரிமாற்றம், அதாவது வழக்கில் பேண்ட்வித் என்று சொல்லப்படுவது, 100 ஜிபி. தங்குமிடத்தின் பெயரிலேயே அமைந்த மின்னஞ்சல் முகவரியும் அதே கணக்கில், அதே 10 ஜிபிக்குள்தான் இருந்தது. இரண்டரை ஆண்டுகள் இந்த அளவுகளைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

சூழ்நிலையில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் 1 முதல், கோடைக்காலத்தில் கொடைக்கானலுக்குள் வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதி நாட்களில் 6,000 வாகனங்கள் என்ற உச்ச வரம்பும் நடைமுறைக்கு வந்தது. முன்பெல்லாம் வத்தலக்குண்டில் வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டே அறை இருக்கிறதா என்று போனில் கேட்டவர்கள், இப்போது வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் தேடி இடத்தை உறுதிசெய்துகொள்கிறார்கள். ஆகவே இணையதளம் ஒரு நாள் நின்றாலும் அதன் பாதிப்பு முன்பைவிடக் கூடுதல்.

நான் கொடைக்கானலில் சிறு தொழில் செய்வோரின் இணையதளங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். 2025 ஏப்ரல் 25 காலையில் அழைக்கப்பட்ட பிறகே இதில் நேரடியாக ஈடுபட்டேன். அதற்கு முந்தைய நிகழ்வுகளைச் சர்வரின் பதிவுகளிலிருந்தும் குடும்பத்தார் சொன்னவற்றிலிருந்தும் தொகுத்திருக்கிறேன்.

சீசனுக்கு முன் செய்த மாற்றங்கள்

மார்ச் மாதத்தில் மகன் இணையதளத்தின் முகப்பைப் புதுப்பித்தார். ட்ரோன் வைத்து எடுத்த, பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வரும் காணொளி ஒன்று, பக்கம் திறந்தவுடன் தானாக ஓடும்படி வைக்கப்பட்டது. அந்தக் கோப்பின் அளவு 34 எம்பி. அதன் கீழே 14 பெரிய படங்கள், ஒவ்வொன்றும் சுமார் 800 கேபி. எழுத்துரு, நிரல் உள்ளிட்ட மற்றவை ஒரு எம்பிக்குச் சற்றுக் குறைவு. ஆக, முதன்முறையாக வரும் ஒருவரின் போனில் முகப்புப் பக்கம் முழுமையாக இறங்க ஏறத்தாழ 46 எம்பி தேவைப்பட்டது.

இதை 100 ஜிபியோடு பொருத்திப் பார்த்தால் கணக்கு எளிது: சுமார் 2,200 முறை அந்தப் பக்கம் முழுதாகத் திறக்கப்பட்டால் மாதத்தின் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். நாளொன்றுக்கு நாற்பது பேர் பார்க்கும் சாதாரண மாதத்தில் இது 55 ஜிபி அளவில் நின்றுவிடும் என்பதால், மார்ச்சில் எந்தத் தொல்லையும் வெளியே தெரியவில்லை. பள்ளித் தேர்வுகள் முடிந்து, சித்திரை முதல் நாளுக்குப் பின் தினமும் நூற்றைம்பதை நெருங்கி ஆட்கள் வரத் தொடங்கியதும் அதே பக்கம் ஒரு நாளைக்கு ஆறு ஜிபிக்கு மேல் இழுக்க ஆரம்பித்தது.

இதே காலத்தில், ஏப்ரல் 14 வரை, போனில் எடுத்த புதிய படங்களைத் தொடர்ந்து ஏற்றிவந்தார்கள். வேர்ட்பிரஸ் ஒரு படத்தை வாங்கிக்கொண்டால் அந்த ஒன்றோடு நிற்பதில்லை. 150, 300, 768, 1024, 1536, 2048 பிக்சல் எனப் பல அளவுகளில் நகல்களை உண்டாக்கிவைப்பதோடு, மூலப் படம் 2560 பிக்சலைத் தாண்டினால் அந்த அளவுக்குச் சுருக்கிய பதிப்பு ஒன்றையும் உண்டாக்கி, மூலத்தையும் அப்படியே வைத்துக்கொள்கிறது. எந்தப் போனில் பார்ப்பவருக்கும் பொருத்தமான அளவில் படம் கிடைக்க வேண்டும் என்பதற்கான நல்ல ஏற்பாடுதான் இது. ஆனால் இடம் பிடிக்கும்.

முதல் அறிகுறி

ஏப்ரல் 24 வியாழக்கிழமை மாலையில், ஏற்கெனவே இரண்டு முறை வந்து தங்கிய திண்டுக்கல் குடும்பம் ஒன்று போன் செய்து, சைட் திறக்கவில்லை என்றது. மலையில் இருப்பவர்கள் எவரும் முதலில் செய்வதைத்தான் இவர்களும் செய்தார்கள்: டவரைக் குறை சொன்னார்கள். மழையும் மூட்டமும் சேர்ந்தால் சிக்னல் போவது வழக்கம் என்பதால் ஒரு மணி நேரம் அப்படியே கழிந்தது. பிறகு மகன் தன் கணினியில் திறந்து பார்த்தபோது, வெள்ளைப் பக்கத்தில் 509 என்ற எண்ணும் ‘பேண்ட்வித் லிமிட் எக்சீடட்’ என்ற வாசகமும் மட்டும் இருந்தன.

இந்த 509 அதிகாரபூர்வத் தரநிலையில் உள்ள எண் இல்லை. பல ஹோஸ்டிங் சர்வர்கள் மாதப் பரிமாற்ற ஒதுக்கீடு தீர்ந்ததும் தாமாகவே காட்டும் அறிவிப்பு இது. இதே போன்ற திட்டங்களில் அடிக்கடி காணப்படும் 508 என்பது வேறு. பிராசசர், நினைவகம், ஒரே நேரத்தில் ஓடும் செயல்கள் ஆகியவற்றின் வரம்பு மீறப்பட்டதை அது குறிக்கும், கூட்டம் குறைந்ததும் தானாகவே சரியாகிவிடும். 509 அப்படிச் சரியாகாது. அடுத்த மாதக் கணக்கு தொடங்கும் வரையோ, கூடுதல் ஒதுக்கீடு வாங்கும் வரையோ தளம் மூடியே இருக்கும்.

முதல் முடிவு: இடம் வாங்கியது

‘லிமிட்’ என்ற சொல்லைப் பார்த்த மகன் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைந்தார். அங்கே முகப்பிலேயே, சேமிப்பிடம் 10 ஜிபியில் 10 ஜிபி நிறைந்துவிட்டதாகச் சிவப்புப் பட்டை ஒன்று காட்டியது. பக்கத்திலேயே கூடுதல் இடம் வாங்குவதற்கான பொத்தானும் இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் 20 ஜிபி கூடுதல் சேமிப்பிடத்தை வாங்கினார். தளம் திறக்கவில்லை.

அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. திட்டத்தை விற்கும் பக்கத்திலும் பயன்பாட்டைக் காட்டும் பலகையிலும் சேமிப்பிடம் பெரிய எழுத்தில் முதலில் நிற்கிறது. பரிமாற்றம் அதற்குக் கீழே சிறிய வரியாக வருகிறது. அந்த 100 என்ற எண்ணை, வீட்டு ஃபைபர் இணைப்பின் எம்பிபிஎஸ் போல வேகத்தைக் குறிப்பது என்றே அவர் அதுவரை எண்ணியிருந்தார்.

மறுநாள் விடியற்காலையில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மூடிக் கிடந்த தளத்தின் மின்னஞ்சல் பெட்டியில் கடிதங்கள் வரிசையாக வந்து விழத் தொடங்கின. அவற்றில் சில நான்கு நாட்களுக்கு முன் தேதியிட்டவை. “சைட் ஓடல, மெயில் மட்டும் கொட்டுது, என்னன்னு வந்து பாருங்க தம்பி” என்று அம்மையார் எனக்குப் போன் செய்தது அப்போதுதான்.

கவனித்தவை: பரிமாற்றம்

ஒன்றாகத் தெரிந்த சிக்கல் உண்மையில் இரண்டு என்பது பதிவுகளைத் திறந்ததும் தெளிவாயிற்று. இரண்டும் ஒரே வாரத்தில் நேர்ந்திருந்தாலும், ஒன்றுக்கு மற்றொன்று காரணம் இல்லை. அம்மையாரிடம் இதை விளக்குகையில் இ-பாஸையே துணைக்கு அழைத்தேன்: வெள்ளி நீர்வீழ்ச்சி சோதனைச்சாவடியை ஒரு மாதத்தில் எத்தனை வண்டி கடக்கிறது என்பது பரிமாற்றக் கணக்கு, ஊருக்குள் எத்தனை வண்டியை நிறுத்தலாம் என்பது சேமிப்பிடக் கணக்கு. சாவடியில் எண்ணிக்கை முடிந்துவிட்ட பிறகு, நிறுத்துமிடத்தைப் பெரிதாக்கி என்ன பயன்?

வருகைப் புள்ளிவிவரப் பக்கம், ஏப்ரல் 1 முதல் 24 வரை சென்ற 100 ஜிபியை ஓரளவு பிரித்துக் காட்டியது. காணொளி மட்டும் 60 ஜிபிக்கு மேல் எடுத்திருந்தது. பக்கத்தைத் திறந்த எல்லோரும் அதை முழுதாகப் பார்க்கவில்லை. பலர் சில விநாடிகளில் நகர்ந்திருந்தார்கள். ஆனாலும் தானாக ஓடும் காணொளியில், பார்ப்பவர் பார்க்கிறாரோ இல்லையோ, பிரவுசர் முன்கூட்டியே அடுத்தடுத்த பகுதிகளை இறக்கிக்கொண்டிருக்கும். தளத்தின் மற்ற படங்கள் 20 ஜிபியை ஒட்டி எடுத்திருந்தன.

எஞ்சியதில் 14 ஜிபி ஒரே ஒரு படத்தின் கணக்கில் வந்தது. பூம்பாறையின் படிக்கட்டு வயல்களை மேலிருந்து எடுத்த அந்தப் படத்தின் மூலக் கோப்பு 7 எம்பி. இரண்டாயிரம் முறை அது கேட்கப்பட்டிருந்தது. கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தத் தளத்துக்கு வந்தவர்கள் இல்லை. சுற்றுலாத் தகவல் தரும் வேறொரு தளம், படத்தை நகலெடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் அதன் முகவரியை மட்டும் தன் பக்கத்தில் இணைத்திருந்தது. அந்தப் பக்கத்தை யார் திறந்தாலும் படம் இவர்களுடைய சர்வரிலிருந்தே போகும்; கணக்கும் இவர்கள் தலையிலேயே விழும். தேடுபொறிகளின் தானியங்கி வருகை, எழுத்துப் பக்கங்கள், போனில் மின்னஞ்சலை ஒத்திசைப்பது எல்லாம் சேர்ந்து மீதி.

கவனித்தவை: சேமிப்பிடம்

முதல் நாள் இரவில் 10 ஜிபியாக நிறைந்திருந்த இடத்தைக் கோப்புறை வாரியாகப் பிரித்தபோது கிடைத்த விவரம் இது: ஏற்றிய படங்களும் அவற்றின் நகல்களும் 2.4 ஜிபி, முழுமையான இரண்டு பேக்கப் கோப்புகள் (தளத்தின் காப்பு நகல்கள்) சேர்ந்து 4 ஜிபி, ஏப்ரல் 17 வியாழக்கிழமை அதிகாலைத் தேதியிட்ட, பாதியில் அறுந்த மூன்றாவது பேக்கப் 1.6 ஜிபி, மின்னஞ்சல் 1.1 ஜிபி, யாரும் திறந்தே பார்க்காத பிழைப்பதிவுக் கோப்பு ஒன்று 0.6 ஜிபி, மென்பொருளும் தரவுத்தளமும் 0.3 ஜிபி.

அந்த அறுந்த கோப்புதான் நடந்ததைச் சொன்னது. வாரம் ஒரு முறை முழுத் தளத்தையும் நகலெடுத்து, கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளும்படி பேக்கப் கருவி அமைக்கப்பட்டிருந்தது. இரண்டை வைத்துக்கொள்வது என்றால் இரண்டுக்கான இடம் போதும் என்று தோன்றும். ஆனால் புதியதை எழுதி முடித்த பிறகே பழையதை அழிக்க முடியும் என்பதால், எழுதும் நேரத்தில் மூன்றுக்கான இடம் தேவை. ஏப்ரல் 17 அன்று மீதமிருந்தது 1.6 ஜிபி, புதிய பேக்கப்புக்குத் தேவைப்பட்டது 2.5 ஜிபி. எழுதத் தொடங்கி, இருந்த இடத்தை முழுவதும் நிரப்பிவிட்டு, கருவி நின்றுபோனது. புதியது முடியாததால் பழையதும் அழிக்கப்படவில்லை. அந்த நிமிடத்திலிருந்து கணக்கில் ஒரு துளி இடமும் இல்லை.

படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்ட வடிவத்தில் இருப்பவை. ஜிப் செய்தாலும் பெரிதாகக் குறையாது. எனவே இந்த அமைப்பில், படக் கோப்புறையில் ஒரு எம்பி கூடினால் நாளடைவில் அது மூன்று எம்பி இடம் பிடிக்கும். பேக்கப் எழுதப்படும்போது நான்கு. மார்ச்சில் ஒரு ஜிபி படம் சேர்த்தவர்கள் அதை ஒரு ஜிபி என்றே எண்ணியிருப்பார்கள்.

வராத கடிதங்கள்

இடம் இல்லாமல் போனதன் விளைவு தளத்தில் தெரியவில்லை. பக்கங்கள் வழக்கம் போலத் திறந்தன, படங்கள் தெரிந்தன, காணொளி ஓடியது. புதிதாக எதையும் எழுத முடியாது என்பது மட்டுமே மாற்றம். அந்தக் கணக்கில் தினமும் புதிதாக எழுதப்பட்டுவந்தவற்றில் முக்கியமானது மின்னஞ்சல்.

இந்த சர்வர், பெட்டி நிறைந்திருந்தால் கடிதத்தைத் தற்காலிகமாக மறுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அப்படி மறுக்கப்படும்போது, அனுப்பிய பக்கத்துச் சர்வர் கடிதத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சில நாட்கள் திரும்பத் திரும்ப முயலும். அதன் பிறகு கைவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். 24 இரவில் இடம் கூடியதும், இன்னும் காத்திருந்த கடிதங்கள் உள்ளே வந்தன. தவறாக வாங்கிய கூடுதல் இடம், யாருக்கும் தெரியாமலிருந்த சிக்கலைத் தீர்த்துவைத்து, அப்படி ஒரு சிக்கல் இருந்ததையும் காட்டிக்கொடுத்தது இவ்வாறுதான்.

தளத்திலிருந்த விசாரணைப் படிவத்தின் கதை இதைவிட மோசம். படிவத்தை நிரப்பியவருக்கு ‘நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்’ என்ற வரி தெரிந்தது. ஏனென்றால் கடிதத்தை அனுப்பும் வரிசையில் சேர்த்தவுடனேயே படிவம் தன் வேலை முடிந்ததாகக் கொள்கிறது. அந்தக் கடிதம் அதே சர்வரிலிருந்து அதே நிறைந்த பெட்டிக்குப் போக வேண்டியது. போய்ச் சேரவில்லை என்ற அறிவிப்பு அனுப்புநரின் முகவரிக்குத் திரும்பும். அனுப்புநராகப் படிவம் இட்டிருந்ததோ தங்குமிடத்தின் சொந்த முகவரி. அந்த அறிவிப்புக்கும் இறங்க இடமில்லை.

ஏப்ரல் 18 பெரிய வெள்ளி. அந்த நீண்ட வார இறுதிக்கும் மே மாதத்துக்கும் விசாரணைகள் குவிய வேண்டிய ஒரு வாரம் இவ்வாறு கழிந்தது. விசாரணைகள் குறைந்ததை அம்மையார் கவனிக்காமல் இல்லை. வாகனங்களுக்கு உச்ச வரம்பு வந்துவிட்டதால் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று பக்கத்துத் தங்குமிடக்காரர்களும் பேசிக்கொண்டதால், அதையே காரணமாக ஏற்றுக்கொண்டார்.

இடம் நிறைவதைப் பற்றிய எச்சரிக்கையை ஹோஸ்டிங் நிறுவனம் அனுப்பாமலும் இல்லை. 80 சதவீதத்தைத் தாண்டியபோது சென்ற ஆங்கில அறிவிப்பு, தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே, திறக்கப்படாமல் அதே பெட்டியில் கிடந்தது. முழுவதும் நிறைந்தபோது சென்ற அறிவிப்பு நிறைந்த பெட்டியைத் தேடிச் சென்று திரும்பியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

25 காலையில் மூன்று வழிகள் இருந்தன. மாதம் முடியும் வரை காத்திருப்பது. அந்த மாதத்துக்கு மட்டும் கூடுதல் பரிமாற்றம் வாங்குவது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவி மையம் வற்புறுத்தியபடி, ‘அன்லிமிடெட்’ திட்டத்துக்கு மாறுவது.

காத்திருப்பதை உடனே தள்ளினோம். மே 1 விடுமுறையை ஒட்டிய முன்பதிவுகள் நடக்கும் நாட்கள் அவை.

அன்லிமிடெட் திட்டத்தின் நிபந்தனைகளை மகனும் நானும் உட்கார்ந்து முழுவதும் படித்தோம். பரிமாற்றத்துக்கு எண் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ‘நியாயமான பயன்பாடு’ என்ற விதி இருந்தது, எது நியாயம் என்பதை நிறுவனம் தீர்மானிக்கும். காணொளிகளைச் சேமித்து வழங்கும் கிடங்காகக் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது என்றது ஒரு வரி. பேக்கப் கோப்புகளை நெடுங்காலம் வைத்திருக்கக் கூடாது என்றது இன்னொன்று. கோப்புகளின் எண்ணிக்கைக்கும், ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய செயல்களுக்கும் வரம்பு அப்படியே இருந்தது. எண்ணற்ற அளவு என்று விற்கப்படும் திட்டத்தில், ஒரு மீட்டரை மறைத்துவிட்டு மற்ற மீட்டர்களை வைத்திருக்கிறார்கள். 509 வருவதற்குப் பதிலாக 508 வரும். மீட்டர் கண்ணுக்குத் தெரியும் திட்டமே சிறு தொழிலுக்கு நல்லது என்பது என் கருத்து. தவிர, சீசன் நடுவில் சர்வர் மாறுவது, ஏற்கெனவே அடிபட்ட மின்னஞ்சலை மறுபடி அசைப்பதாகும்.

ஆகவே 50 ஜிபி கூடுதல் பரிமாற்றம் ஏப்ரலுக்கு மட்டும் வாங்கப்பட்டது. தளம் முற்பகலிலேயே திறந்தது. அதைத் திறந்த கையோடு காணொளி எடுக்கப்பட்டது. இல்லாவிட்டால் அந்த 50 ஜிபியும் ஒரு வாரத்தில் கரைந்திருக்கும்.

காணொளியை எடுப்பதில் அம்மையாருக்கு விருப்பமில்லை. “மேகம் ஏறுறதப் பாத்துத்தான் ஆளுங்க வர்றாங்க, அதப் போய் எடுக்கச் சொல்றீங்களே” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது; போனில் பேசிய பலர் அந்தக் காட்சியைக் குறிப்பிட்டிருந்தார்கள். எனவே காணொளி யூடியூபில் ஏற்றப்பட்டு, முகப்பில் ஓர் அசையாப் படமும் அதன் மேல் ஓட்டும் பொத்தானும் வைக்கப்பட்டன. அழுத்துபவருக்கு மட்டும் யூடியூபின் சர்வரிலிருந்து காணொளி வரும். இவர்கள் கணக்கில் ஒரு எம்பிகூடச் சேராது. தானாக ஓடும் கவர்ச்சி போனது. அதை அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

படங்கள் 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கப்பட்டு வெப்பி (WebP) என்ற, குறைந்த இடம் பிடிக்கும் பட வடிவத்துக்கு மாற்றப்பட்டன. வேர்ட்பிரஸ் 5.8 பதிப்பிலிருந்து, அதாவது 2021 ஜூலையிலிருந்து, இந்த வடிவத்தை நேரடியாக ஏற்கிறது. 800 கேபியாக இருந்த படம் 170 கேபி அளவுக்கு வந்தது. திரையில் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க மகனாலும் முடியவில்லை. கீழே உள்ள படங்கள், பார்ப்பவர் அந்த இடத்துக்கு நகர்ந்து வரும்போது மட்டும் இறங்கும்படி செய்யப்பட்டது. முகப்புப் பக்கம் கடைசி வரை பார்த்தாலும் ஏறத்தாழ 3 எம்பியில் முடிந்தது.

வேறு தளம் இணைத்திருந்த பூம்பாறைப் படத்துக்கு, வெளித்தளங்களிலிருந்து வரும் கோரிக்கைகளைத் தடுக்கும் விதியைச் சர்வரில் எழுதுவதே பொதுவான வழி. அதைச் சரியாக எழுதாவிட்டால், வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிரும்போது தெரியும் முன்னோட்டப் படமும் கூகுள் படத்தேடலும்கூடத் தடைபடலாம். சீசனில் அந்தச் சோதனைக்கு நேரமில்லை. அதனால் 7 எம்பி மூலக் கோப்பு இருந்த இடத்தில், அதே பெயரில் 180 கேபி படம் ஒன்றை வைத்தோம். அதன் ஓரத்தில் தங்குமிடத்தின் பெயர் எழுதப்பட்டது. இப்போது அந்தத் தளம் இவர்களுக்கு இலவசமாக விளம்பரம் செய்கிறது.

சேமிப்பிடத்தில், அறுந்த பேக்கப்பும் பிழைப்பதிவும் நீக்கப்பட்டன. பிழைப்பதிவை அழிப்பதற்கு முன் திறந்து பார்த்ததில், கைவிடப்பட்ட ஒரு பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை நிரல்) ஒவ்வொரு வருகைக்கும் ஒரே எச்சரிக்கையை எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது, அது அகற்றப்பட்டது. பேக்கப்பின் சேருமிடம் கூகுள் டிரைவுக்கு மாற்றப்பட்டது. இடத்தை மிச்சப்படுத்துவது இதற்குப் பாதிக் காரணம்தான். சர்வர் பழுதானால் அதிலேயே இருக்கும் பேக்கப்பும் சேர்ந்தே போய்விடும். ஏப்ரல் 17-க்குப் பிறகு ஒரு வாரம் இவர்களிடம் முழுமையான புதிய பேக்கப்பே இல்லை.

தொடர்ந்து நடந்தவை

சர்வரின் கடித விநியோகப் பதிவில், மறுக்கப்பட்டு இறுதியில் கைவிடப்பட்ட கடிதங்களின் அனுப்புநர் முகவரிகள் இருந்தன. பதினொருவருக்கு அம்மையார் தாமே வருத்தம் தெரிவித்து எழுதினார். நால்வர் பதில் எழுதினர், அவர்களில் இருவர் ஜூனில் வந்து தங்கினர். படிவத்தின் வழியே வந்தவர்களின் விவரங்களை மீட்க வழியில்லை. பதிவில் அவை அனைத்தும் தங்குமிடத்தின் முகவரியிலிருந்து தங்குமிடத்துக்கே போனவையாகத்தான் இருந்தன. படிவமும் தன்னிடம் நகல் வைத்துக்கொள்ளாத வகை.

கூடுதலாக வாங்கிய 50 ஜிபியில் மாத இறுதிக்குள் செலவானது ஏறத்தாழ 3 ஜிபி. மீதி மே மாதத்துக்குச் செல்லவில்லை; இத்தகைய ஒதுக்கீடு பெரும்பாலும் அந்த மாதத்தோடு காலாவதியாகிவிடும். அதைவிடச் சிறிய பொதி அந்த நிறுவனத்தில் இல்லை. புதிய மாதக் கணக்கு மே 1 நள்ளிரவில் தொடங்கும் என்று மகன் விழித்திருந்தார்; சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுவதால், நம் நேரப்படி காலை 5.30 மணிக்குத்தான் பலகையில் எண் பூஜ்ஜியமானது. மாதக் கடைசியில் ஒதுக்கீடு தீர்ந்து தவிப்பவர்களுக்கு இந்த ஐந்தரை மணி நேரம் பெரியது.

மே மாதத்தில், குறிப்பாகப் பிரையண்ட் பூங்காவின் மலர்க் கண்காட்சியை ஒட்டிய நாட்களில், வருகை ஏப்ரலைவிடக் கூடியது. மாதம் முழுவதும் சென்ற தரவு 34 ஜிபி. சீசன் ஓய்ந்து ஜூன் மழை பிடித்த பிறகு, படங்களைப் பல ஊர்களிலுள்ள சர்வர்களிலிருந்து வழங்கும் கிளவுட்ஃப்ளேரின் இலவசச் சேவை இணைக்கப்பட்டது. அதன் பின் மூலச் சர்வரிலிருந்து செல்வது இன்னும் குறைந்தது. இதை மே மாதத்திலேயே செய்திருக்கலாமே என்று மகன் கேட்டார். தளத்தின் முகவரி எந்தச் சர்வரைக் குறிக்கிறது என்று சொல்லும் பெயர் சர்வர்களை மாற்ற வேண்டிய வேலை அது. மின்னஞ்சலுக்கான பதிவுகளை அப்போது தவறவிட்டால் மறுபடியும் கடிதம் வராது.

மாற்றிக்கொண்டவை

மின்னஞ்சல் ஹோஸ்டிங் கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டு, தனி மின்னஞ்சல் சேவைக்கு மாற்றப்பட்டது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது இது என்றே நினைக்கிறேன். ஒரே கணக்கில் வைப்பது செலவு குறைவு. ஆனால் படம் அதிகமானால் கடிதம் நிற்கும் என்ற இணைப்பை எந்தத் திட்டப் பக்கமும் சொல்வதில்லை. விசாரணைப் படிவம் இப்போது ஒவ்வொரு விசாரணையையும் தளத்தின் தரவுத்தளத்திலும் எழுதிவைக்கிறது. அம்மையாரின் போனுக்கும் தகவல் போகிறது. அளவு எச்சரிக்கைகள் இருவரின் சொந்த ஜிமெயில் முகவரிகளுக்குச் செல்கின்றன.

இதேபோன்ற தளம் வைத்திருப்பவர் திட்டம் வாங்கும்போது, எத்தனை ஜிபி இடம் என்பதோடு சிலவற்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: பரிமாற்ற அளவு தீர்ந்தால் தளம் மூடப்படுமா, வேகம் குறையுமா, கூடுதலுக்குத் தானாகக் கட்டணம் விழுமா; மின்னஞ்சலும் பேக்கப்பும் அதே இடத்தில் சேருமா; பெட்டி நிறைந்தால் கடிதம் காத்திருக்குமா, உடனே திரும்புமா; கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா. மின்னஞ்சலில் ஒவ்வொரு கடிதமும் ஒரு கோப்பு, ஒவ்வொரு படமும் ஏழெட்டுக் கோப்பு என்பதால், கடைசிக் கேள்வி தோன்றும் அளவுக்குச் சிறியது இல்லை. பரிமாற்றத்தை மதிப்பிட, தன் முகப்புப் பக்கத்தின் எடையை, கேஷ் (முன்பு இறக்கியவற்றின் சேமிப்பு) இல்லாத பிரவுசரில் ஒரு முறை அளந்து, அதை ஆண்டின் மிகக் கூட்டமான மாதத்து வருகையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். மலைவாழ் ஊர்களில் ஆண்டுச் சராசரியை வைத்துக் கணக்குப் போடுவது பயன்படாது. இங்கே ஆண்டின் பெரும்பகுதி வருகை ஓரிரு மாதங்களில் வந்துவிடுகிறது.

2025 அக்டோபரில் திட்டத்தைப் புதுப்பித்தபோது, கூடுதலாக வாங்கிய 20 ஜிபி இடம் கைவிடப்பட்டு, பழைய 10 ஜிபி, 100 ஜிபி திட்டமே தொடரப்பட்டது. சேமிப்பிடத்தில் அப்போது நிறைந்திருந்தது 2.3 ஜிபி. விருந்தினர்கள் அனுப்பும் படங்களை அப்படியே ஏற்றும் பழக்கம் மட்டும் முழுதாக மாறவில்லை; ஏற்றும்போதே 1600 பிக்சலுக்குச் சுருக்கும் அமைப்பைத் தளத்திலேயே வைத்து, மூலப் படத்தை அழிக்கும்படி செய்திருக்கிறோம். மூலப் படங்கள் வேண்டும் என்று மகன் கேட்டதால், அவை வீட்டிலுள்ள ஒரு ஹார்டு டிஸ்கில் தனியாகச் சேமிக்கப்படுகின்றன.